கடைசி ட்ரே

என் அக்கா மகன் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று எழுபது. நான் வேலைக்கு வந்த இந்த வெளிநாட்டுக் காசில். நம் ஊர்க் காசில் பெருக்கிப் பார்த்தால் வயிறு எரியும் என்பதால் நான் பெருக்குவதில்லை.

அறைக்கு முன்பணம், இரண்டு மாத வாடகை, குளிருக்கு ஒரு கோட்டு, பூட்ஸ். எல்லாம் நான் கட்டியது. அவன் இங்கே வந்தது படிக்க. உயிர்வேதியியலும் செல் உயிரியலும் சேர்ந்த முனைவர் படிப்பு. பீஸ் கிடையாது, பல்கலைக்கழகமே மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்குமாம். அக்கா போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

"படிக்கிறதுக்கு எவன்க்கா சம்பளம் குடுப்பான்?"

"இவனுக்குக் குடுக்குறாங்கடா தம்பி. நீ அதே ஊர்லதானே இருக்க, முதல் சம்பளம் வர்ற வரைக்கும் பாத்துக்க. வந்ததும் முதல் வேலையா உனக்குத்தான் குடுப்பான்."

வங்கிக் கணக்கு திறக்க ஒரு காகிதம், அந்தக் காகிதம் வாங்க இன்னொரு காகிதம் என்று முதல் தொகை வர இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் வந்தது. வந்ததும் காதை முழுசாக மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கினான். அதை மாட்டிக்கொண்டால் கடன் கொடுத்தவன் கூப்பிடுவது கேட்காது போலிருக்கிறது. "அடுத்த மாசம் மாமா" என்றான். அடுத்த மாசமும் அதையே சொன்னான்.

நாங்கள் இருந்தது நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து எடுத்த வீடு. ஒரே சமையலறை, ஒரே குளியலறை. சாமான் கழுவுகிற சோப்பு முதல் உப்பு வரைக்கும் வாங்கி வைக்கிற பொறுப்பு சமையல்காரருடையது. மருத்துவமனை கேன்டீனில் வேலை பார்ப்பவர். என்னைவிட வயதில் சின்னவர், என்னைவிடப் பத்து மடங்கு வாய். அந்த ஊர் மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். என் மருமகனுக்கு 'டாக்டரு' என்று பேர் வைத்தது அவர்தான்.

"டாக்டரே, இந்த முட்டி மடக்கினா கடக்முடக்குங்குது. ஏதாவது குடுங்க."

"நான் அந்த டாக்டர் இல்லண்ணே."

"அப்ப எந்த டாக்டரு?"

"செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆராய்ச்சி."

"வெளிய நடக்குறதுக்கே வழியக் காணோம், உள்ள என்ன நடந்தா என்ன?"

வந்த புதிதில் அவன் என்னிடம் பேசுவான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சரக்கு ஓடிக்கிட்டே இருக்கு மாமா. அதைத் தூக்கிட்டுப் போறதுக்குன்னே ஒரு புரதம். ரெண்டு கால் வச்சு அடி எடுத்து நடக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையத் தூக்கும். அதைப் பத்தித்தான் என் படிப்பு."

நான் இந்த நாட்டுக்கு வருமுன் கிடங்கில் மூட்டை தூக்கியவன். தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது. "அதுக்குக் கூலி யாரு குடுக்குறா?" என்று கேட்டேன். சிரித்தான். நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

என் வேலை அவன் படிக்கிற அதே கட்டிடத்தில். அவன் மூன்றாவது மாடி, நான் அடித்தளம். மேலே உள்ள ஆய்வுக்கூடங்களில் இருந்து அழுக்கான கண்ணாடிப் பாட்டில்கள் ட்ரே ட்ரேயாகத் தள்ளுவண்டியில் இறங்கும். மெஷினில் அடுக்கிக் கழுவி, சுத்தப்படுத்திய தண்ணீரில் அலசி, அடுப்பில் காயவைத்து மேலே அனுப்ப வேண்டும். ஒரு ஒப்பந்தக் கம்பெனி மூலம் வேலை. வேலை போனால் விசாவும் போகும், மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு பேர் ஒட்டியிருக்கும். எழுத்து எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் பிடிபட்டது. அயல்மொழி எழுத்து அதற்கும் பிறகு. பேர்களை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவன் பேரை மட்டும் முதல் தடவையே தடங்கல் இல்லாமல் படித்துவிட்டேன்.

அந்த ட்ரேயோடு அவனே வந்தான். கூடப் படிக்கிற இரண்டு பேரும் வந்தார்கள்.

"என்ன மாப்ளே, சாப்டியா?" என்றேன்.

அவன் மெஷினைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தே, எப்போது கிடைக்கும் என்று அந்த ஊர் மொழியில் கேட்டான். கழுவுகிறவனிடம் யாரும் பேசுகிற தொனியில். திரும்பிப் போகும்போது கூட வந்த பெண் அவனிடம் ஏதோ கேட்டாள். "தெரியாது, அவர் எல்லோரிடமும் அப்படித்தான்" என்று பதில் சொன்னான். ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு அந்த அளவு மொழி புரியும்.

சாயங்காலம் வீட்டில் வழிமறித்தேன்.

"என்னைத் தெரியாதாடா உனக்கு?"

"மாமா, அது வேலை செய்யற இடம்."

"நான் மட்டும் அங்க மாம்பழமா விக்கிறேன்?"

"அதுக்கில்ல. அவங்க முன்னாடி நீங்க பாட்டுக்குப் பணத்தைக் கேட்டுட்டீங்கன்னா?"

"கேப்பேன்னு பயம் இருக்குல்ல? அப்ப குடுத்துடு."

"குடுக்காம எங்க ஓடிடப் போறேன்? ஏன் மாமா சும்மா நை நைங்கறீங்க?"

மறுநாள் முதல் அவன் ட்ரே கடைசி. வருகிற வரிசைப்படி கழுவ வேண்டும் என்பது விதி. அவசரம் என்று வந்து கேட்டால் முன்னால் போட்டுக் கொடுப்பேன், எல்லாருக்கும் செய்வேன். அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் கீழே இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காதவனுக்கு எதற்கு அவசரம்? இன்னொருவன் ட்ரே வந்தால் அவனுடையதை இன்னும் பின்னால் நகர்த்தினேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கொஞ்ச நாளில் அவன் ட்ரேயில் பாதி இடம் காலியாக வர ஆரம்பித்தது. வேலை குறைவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சாமான் கழுவுகிற பச்சை சோப்புத் தண்ணீர் பாட்டில் அடிக்கடி தீர்ந்துபோகிறதாம். சமையல்காரர் பாட்டிலின் மேல் பேனாவால் கோடு போட்டுவைத்தார். கோடு ஒரு பக்கம் நிற்க, சோப்பு ஒரு பக்கம் இறங்கியது.

"எவன்யா இதைக் குடிக்கிறது? எலுமிச்சம்பழ வாசனைன்னு ஜூஸ்னு நெனச்சுட்டீங்களா?"

மருமகன் ஹெட்போன் மாட்டியிருந்தான்.

ஒரு நாள் மதியம், அவன் கூட யாரும் இல்லாமல் தனியாகக் கீழே வந்தான். கையில் தட்டையான பிளாஸ்டிக் குடுவை. உள்ளே சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர். அதை என் மேசையில் வைத்தான்.

"பாருங்க. எல்லாம் செத்துப் போச்சு."

"எது?"

"என் செல்லுங்க. மூணாவது தடவை. இதுக்கு ஊத்துற சத்துத் தண்ணி உங்க பாட்டில்லதான் இருக்கு. என்ன மாமா போட்டீங்க அதுல?"

"டேய்."

"செல்லோட தோல் கொழுப்புல ஆனது. சோப்பு துளி ஒட்டியிருந்தாப் போதும், கரைச்சுடும். வேற யாருக்கும் சாகல. எனக்கு மட்டும் சாகுது. என் ட்ரேய மட்டும் நீங்க என்ன பண்றீங்க?"

"கடைசியாக் கழுவுறேன். அவ்வளவுதான் பண்றேன்."

"பணத்துக்காகத்தானே? அந்தப் பிச்சைக்காசுக்காக என் படிப்புலயா கை வைப்பீங்க?"

"பிச்சைக்காசா? அப்ப ஏன்டா கை நீட்டி வாங்குன?"

"வருஷக் கடைசிக் கூட்டத்துக்கு நான் இதைக் காட்டியாகணும். காட்டலன்னா உதவித்தொகைய நிறுத்திடுவாங்க. தெரிஞ்சேதான் பண்றீங்க."

"எனக்கு உன் கூட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. குடுவைய எடுத்துட்டுப் போ. ஈரமா இருக்கு மேசை."

எடுத்துக்கொண்டு போனான். நேராகப் பேராசிரியரிடம் போயிருக்கிறான்.

மறுநாள் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் வந்து என்னை மூன்றாவது மாடிக்குக் கூட்டிப் போனார். பேராசிரியர் வெள்ளை முடி வைத்த அம்மா. அவர் அறையில் நாற்காலி எல்லாவற்றிலும் காகிதக் கட்டுகள். நான் நின்றேன். மருமகனும் நின்றான். எனக்கு அந்த மொழியில் பேச அவ்வளவு வராது என்பதால் மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டுமே? அவனையே போட்டார்கள். குற்றம் சொன்னவனே எனக்கு வாய்.

அந்த அம்மா கேட்டார். அவன் என்னிடம் சொன்னான்: "என் பாட்டில்களை வேற மாதிரி கழுவினீங்களான்னு கேக்குறாங்க."

நான் சொன்னேன்: "எல்லார் பாட்டிலும் ஒரே மெஷின். ஒரே சோப்பு, ஒரே தண்ணி. உன் பாட்டிலை மட்டும் பிரிச்சு எடுத்து வேற சோப்பு போட எனக்கென்ன பைத்தியமா? அப்படியே சொல்லு."

அவன் நாலைந்து வார்த்தையில் முடித்துவிட்டான். மெஷினுக்கும் சோப்புக்கும் அவர்கள் மொழியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். தினமும் கையில் பிடிக்கிற பொருள். இரண்டுமே அவன் சொன்னதில் இல்லை. 'பணம்' இருந்தது. 'கோபம்' இருந்தது.

"நான் சொன்னதைச் சொல்லுடா."

"சொல்லிட்டேன் மாமா."

அந்தக் கட்டிடத்துக்குள் மற்றவர்கள் முன்னால் அவன் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரிந்த வார்த்தைகளைக் கோத்து நானே பேசிப் பார்த்தேன். மெஷின் ஒன்று, பாட்டில் எல்லாம் ஒன்று. அம்மா தலையாட்டினார், ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் சூப்பர்வைசர் நிறுத்தி நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம். நான் செய்தது என்று முடிவானால் கம்பெனி விசாவை ரத்து செய்யும்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தேன். பகலில் நான் வீட்டில் இருந்து பார்த்ததே இல்லை. சமையல்காரருக்கு அன்று லீவு. புது சோப்புத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து தொப்பென்று வைத்தார்.

"அண்ணே, உங்க கட்டிடத்துல பாட்டில் கழுவ சோப்பே கிடையாதா?"

"என்னய்யா சொல்ற?"

"கையும் களவுமா பிடிச்சுட்டேன். உங்க டாக்டருதான். நீலமூடி போட்ட கண்ணாடி பாட்டிலா பையில அள்ளிட்டு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு இங்க கழுவுறாரு. என் சோப்பு, என் நார். நான் இதுக்கு யார்கிட்ட காசு கேக்குறது, உங்ககிட்டயா அவர்கிட்டயா?"

நீலமூடி பாட்டில். எத்தனை ஆயிரம் கழுவியிருப்பேன்.

"எப்பேர்ந்து?"

"உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னதுலேர்ந்துதான்."

நான் எழுந்து அந்தப் பழைய காலி பாட்டிலைக் குப்பையிலிருந்து எடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கோபம் கூட வரவில்லை. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

அவன் வந்ததும் பாட்டிலை அவன் முன்னால் நீட்டினேன். ஹெட்போனை அவன் கழற்றவில்லை, நான்தான் பிடுங்கினேன்.

"துளி போதும்னியே. இது எத்தனை துளி?"

முகம் வெளுத்துவிட்டது. "நான் நல்லா அலசினேன் மாமா. அஞ்சு தடவை அலசினேன். அப்புறம் மேல கொண்டு போய் நீராவியில வேற வச்சேன்."

"நீராவியில சோப்பு போயிடுமா?"

அதற்குப் பதில் அவனுக்குத் தெரியும்.

"வீட்டுல கழுவுனேன்னு ஏன்டா அந்தம்மாகிட்ட சொல்லல?"

"பாட்டிலை வெளிய கொண்டு போகவே கூடாது. தெரிஞ்சா அதுவே தப்பு."

"அப்ப நான் பண்ணினேன்னு சொன்னது சரியா?"

"நெஜமா நீங்கதான்னு நெனச்சேன். சத்தியமா. நீங்க என் ட்ரேய ஒதுக்கினீங்க, எனக்கு அவசரம், வேற என்ன பண்றது?"

"மாமா, சீக்கிரம் கழுவிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை. உன் வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"உங்ககிட்ட வந்தா நீங்க பணம் கேப்பீங்க."

"ஆமா. கேப்பேன்."

"வியாழக்கிழமை கூட்டம் மாமா. அது முடியட்டும். அப்புறம் சொல்லிடுறேன். இப்ப சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

"நீ சொல்லலன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

"உங்களுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு இது ஒண்ணுதான்."

கழுவிக் கழுவித் தோல் உரிந்த என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்காவிடமிருந்து போன். அவன் முந்திக்கொண்டான்.

"தம்பி, சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான். நீதான்டா விட்டுக் குடுக்கணும்."

"என் வேலை போகுதுக்கா."

"போனா வா. வீடு இருக்கு, நாங்க இருக்கோம். அவன் படிப்பு போனா திரும்ப வருமா?"

"நான் கட்டுன பணத்துக்கே வழி இல்ல, எனக்குச் சோறு போடப் போறியா?"

"பணம், பணம்! உனக்கென்ன பிள்ளையா குட்டியா? யாருக்குடா சேத்து வைக்கிற?"

என் அக்கா அதைச் சொன்னாள். மருமகன் பக்கத்திலேயே நின்றான், ஸ்பீக்கரில் அவனும் கேட்டான். நான் போனை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில், ராத்திரிச் சண்டை முழுவதையும் கேட்டிருந்த சமையல்காரர் சட்டை மாற்றி, தலை சீவி, கையில் அந்தக் காலி பாட்டிலோடு வாசலில் நின்றார்.

"எங்கய்யா?"

"உங்க பேராசிரியரம்மாகிட்ட. உங்களுக்குப் பேச வராது, எனக்கு நிறுத்த வராது. வாங்க. என் சோப்புக்கும் நியாயம் கிடைக்கணும்ல?"

மூன்றாவது மாடி நடைபாதையில் மருமகன் எதிரே வந்தான். முதலில் என்னைப் பார்த்தான். பிறகு சமையல்காரரைப் பார்த்தான். பிறகு பச்சை பாட்டிலை. பேனாக் கோடு அப்படியே இருந்தது. அவனோடு படிப்பவர்கள் இரண்டு பேர் கதவோரம் நின்றார்கள்.

"மாமா, இவரை வேண்டாம். நானே சொல்லிடுறேன்."

"சொல்லு. ஆனா இவரு கூட நிப்பாரு. நீ என்ன சொன்னேன்னு எனக்கு யாராவது சொல்லணும்ல?"

அறைக்குள் அவன் பேச ஆரம்பித்தான். சமையல்காரர் என் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போனேங்கிறான்... சமையலறையில கழுவினேங்கிறான்... சோப்பு... ஆமா, என்னுதுதான்... முன்னாடி சொன்னது தப்புங்கிறான். நீங்க எதுவும் பண்ணலயாம்."

அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் வீட்டுக்குக் கொண்டு போனேன்னு கேக்குறாங்க," என்றார் சமையல்காரர்.

அவன் பதில் சொன்னான். சமையல்காரர் உடனே சொல்லவில்லை. நான் முழங்கையால் இடித்தேன்.

"கீழ கழுவுறது என் தாய்மாமன், அவருக்குப் பணம் தரணும், முகத்தைப் பாக்க முடியலங்கிறான்."

அந்த அம்மா மேசைமேல் இருந்த பச்சை பாட்டிலை எடுத்துப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். சிரிக்கவில்லை. கூட்டத்தை மூன்று மாதம் தள்ளிவைத்தார். இதுவரை செய்தது அத்தனையும் குப்பை, முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவரை உதவித்தொகை உண்டு, அதற்குள் முடிக்காவிட்டால் கிடையாது. சூப்பர்வைசருக்கு என் முன்னாலேயே போன் பேசினார். என்னைப் பார்த்து மன்னிப்பாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனால் கடைசிவரை உட்காரச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மருமகன் என்னிடம், "இப்ப திருப்தியா?" என்றான்.

"உன் படிப்பை நான் கெடுக்கல. என் பொழப்பை நீ கெடுக்கப் பாத்த. திருப்திய நீ வேற எங்கயாவது தேடு."

அந்த வாரமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பெட்டியை இறக்க யாரையும் கூப்பிடவில்லை. அக்காவும் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

நான் மறுபடி அடித்தளத்தில். ஒரு மாதத்துக்கு மேல் அவன் ட்ரே வரவே இல்லை. அப்புறம் ஒரு நாள் தள்ளுவண்டியில் வந்தது. அவன் வரவில்லை, வேறு யாரோ தள்ளிவந்தார்கள். நிறைய நீலமூடி பாட்டில்கள். நடுவில் ஒரு பாட்டில் மட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே பணம் சுருட்டி வைத்திருந்தது. ஒரு சீட்டு கூட இல்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். ஆயிரத்து முந்நூற்று எழுபத்தாறு.

சாயங்காலம் அந்த ஆறைச் சமையல்காரரிடம் கொடுத்தேன். "ஒரு பாட்டில் விலைதான் இது. ரெண்டு பாட்டிலுக்கு மேல காலி பண்ணினாருங்க உங்க டாக்டரு," என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையில் வைத்தார்.

அதற்கு முன்னால், பணத்தை உள்பையில் வைத்துப் பித்தானைப் போட்டதும், வண்டியில் இருந்த ட்ரேக்களைப் பார்த்தேன். அவனுடையது வரிசையில் மூன்றாவது. அதை முன்னாலும் நகர்த்தவில்லை, பின்னாலும் நகர்த்தவில்லை. மூன்றாவதாக மெஷினில் ஏற்றினேன்.